பல்லு கம்மி

1999 ஜூன் 11, வெள்ளி

ஜும்மாவுக்குத் தம்பி வரவில்லை. தொழுகைக்கு முன்னால் இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை அப்துல் ஜப்பார் என்ன நினைத்தாரோ. வாரம் முழுக்க மலையில் கிடந்தாலும் வெள்ளிக்கிழமை இறங்கிவந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்து சேருகிறவன் தஸ்தகீர். நான் கடையில் இருந்து விற்கிறேன், அவன் மலையில் அலைந்து வாங்குகிறான். இப்படித்தான் எங்கள் வியாபாரம்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் கிரீஸ். ஜீப்பின் பின் ஆக்சில் மறுபடி முறிந்துவிட்டதாம். மலையில் ஈச்சங்காடு என்கிற கிராமத்துக்குக் கீழே, ஓடையைத் தாண்டி ஏறுகிற இடத்தில். மூட்டைகளை அந்த ஊர்ப் பாவாடை என்கிறவர் வீட்டில் இறக்கிவிட்டு வெள்ளிமலை வரைக்கும் நடந்து பஸ் பிடித்திருக்கிறான்.

“இந்த வருசத்துல இது மூணாவது தடவண்ணே,” என்றான், என்னவோ நான்தான் போய் முறித்துவிட்டு வந்த மாதிரி.

“நீ ஏத்துற பாரத்துக்கு யானையே இடுப்பொடிஞ்சி உக்காந்துடும்,” என்றேன்.

உள்ளேயிருந்து அஸ்ரப் நிஷா, “சோத்தப் போட்டப்பறம் திட்றீங்களா, திட்டி முடிச்சப்பறம் போடட்டுமா?” என்று கேட்டாள். என் மனைவிக்குக் கொழுந்தன் என்றால் எப்போதும் ஒரு கரண்டி ஜாஸ்தி.

ஜூன் 14, திங்கள்

ஜீப்பைக் கட்டி இழுத்து காசிநாதன் பட்டறையில் கொண்டுவந்து விட்டாயிற்று. காசிநாதன் வாயை மூடாமல் வேலை செய்கிற மெக்கானிக். ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் ஊர் வம்பு பூராவும் வந்துவிடும்.

கடுக்காயைக் கையில் எடுத்தால் எந்தக் காட்டுக் கடுக்காய் என்று நான் சொல்வேன். இந்த இரும்புச் சமாசாரம் எனக்குப் புதுப்பாடம். அவன் சொன்னதை மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன். பின் ஆக்சில் என்பது இரண்டு பின் சக்கரங்களையும் தாங்குகிற இரும்புக் கூடு. அதற்குள்ளே சக்கரங்களைச் சுற்றுகிற தண்டுகள். நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கிற இடத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், அதைத் திருப்புகிற ஒரு சின்னப் பல்சக்கரம். எங்களுடையது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. அதன் ஆக்சில் பெட்ரோல் இஞ்சினுக்குப் பிறந்தது. நாங்கள் டீசல் இஞ்சினைத் தூக்கி வைத்து, மேலே மூட்டைகளையும் அடுக்கிவிட்டோம்.

“ரெண்டு வழி இருக்குது பாய்,” என்றான் காசிநாதன். “ஒண்ணு, இதே ஆக்சில வெச்சிக்கினு உள்ள கெட்டித் தண்டு போட்டு, கூட்டுக்கு பிளேட்டு அடிச்சி வெல்டிங்ல பத்தவெக்கறது. இல்லன்னா இத்தக் கழட்டி வுட்டுட்டு புது மாடல் வண்டி ஆக்சில முழுசா மாட்டறது. ரெண்டுமே ஓடும்.”

“எது நல்லது?”

“வண்டி எங்க ஓடணும்னு நீங்க சொல்லணும்.”

இதற்கு என்ன பதில்? வண்டி ஓடுகிற இடத்தில்தான் ஓடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, வெள்ளி

இன்று தம்பி வந்திருந்தான். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆக்சில் பேச்சுதான்.

அவனுக்குப் பழையதையே கெட்டிப்படுத்த வேண்டும். “அது அந்த மேட்டுக்குப் பழகுனதுண்ணே. தண்டுதான் முறியுது, தண்ட மாத்து, போதும்.” எனக்கு முழுசாக மாற்ற வேண்டும். ஏன் என்று கேட்டான். பெரிய ஆக்சில் போட்டால் மலைக்குப் போகாத நாளில் கீழேயும் பாரம் அடிக்கலாம். உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை என்று வாடகைக்கு விடலாம். வாரத்தில் பாதி நாள் வண்டி வாசலில் நின்று கோழி அடைகிறது.

“மலைக்கு வாங்குன வண்டிண்ணே அது,” என்றான்.

“மலைக்கு நேந்துவுட்ட வண்டியா?” என்றேன்.

சிரித்துவிட்டான். அவன் சிரித்துவிட்டால் நான் ஜெயித்த மாதிரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவன் வியாபாரம் செய்கிற விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஈச்சங்காட்டில் சாமை, புளி, கடுக்காய் எதையும் அவன் மலையில் எடை போடுவதில்லை. மூட்டையை அப்படியே ஏற்றிக்கொண்டு வருவான். இங்கே நம் கடைத் தராசில் போட்டு, எடை இவ்வளவு என்று அடுத்த வாரம் போய் வாயால் சொல்லுவான். அதற்கு உண்டான அரிசியோ உப்போ துணியோ ரொக்கமோ கொடுப்பான். இதுவரைக்கும் அங்கே ஒரு ஆள் ஏன் எதற்கென்று கேட்டதில்லை. “அவனுங்க கேக்காததுனாலதான் நான் ஒரு கிலோ கூட கம்மியா சொல்ல முடியாதுண்ணே,” என்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வியாபாரம்!

ஜூன் 21, திங்கள்

பழசா, புதுசா? தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை 5, திங்கள்

தம்பி நேற்றே பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டான். இன்று வெள்ளிமலை டெலிபோன் பூத்திலிருந்து பேசினான். லைனில் ஒரே இரைச்சல், மழை தகரத்தில் விழுகிற மாதிரி.

“சரிண்ணே, உன் இஷ்டம். முழுசாவே வாங்கு. ஆனா ஒண்ணு, பல்லு கம்மியா இருக்கறதா பாத்து வாங்கு. கேக்குதா? பல்லு கம்மி!”

“கேக்குது, கேக்குது. பல்லு கம்மி.”

“காசிநாதன இட்டுக்கினு போ.”

காசிநாதன் மச்சினிச்சி கல்யாணத்துக்குச் சேலம் போயிருக்கிறான், வர ஒரு வாரம் ஆகும். இரும்பு வாங்க எனக்கு எதற்கு ஆள்? பல்லை எண்ணத் தெரியாதா?

ஜூலை 7, புதன்

உளுந்தூர்பேட்டை. பழைய வண்டிகளை உடைக்கிற இடம் ஒன்று ரோட்டோரம் இருக்கிறது. லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலுக்குப் பின்னால். எண்ணெயும் பரோட்டாவும் கலந்த வாசனை.

பொருந்துகிற ஆக்சில் இரண்டு இருந்தன. ஒன்று துருவேறியது. இன்னொன்று பார்க்கவே கண்ணுக்கு நன்றாக இருந்தது, நேற்றுதான் வண்டியிலிருந்து கழற்றினார்களாம். இரண்டையும் திறந்து காட்டச் சொன்னேன். பெரிய பல்சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பல்லை எண்ணினேன். துருப்பிடித்ததில் நாற்பத்து மூன்று. நல்லதில் நாற்பத்து ஒன்று. பல்லு கம்மி! அல்ஹம்துலில்லாஹ், நல்லதும் அதுவே, தம்பி கேட்டதும் அதுவே.

கடைக்காரர், “எந்த ஊரு ஓட்டத்துக்கு?” என்று கேட்டார். “எல்லா ஊருக்கும்தான்,” என்றேன்.

டெம்போவில் ஏற்றிக்கொண்டு வரும்போது மனம் நிறைந்திருந்தது. எலவனாசூர்கோட்டையில் நிறுத்தி டெம்போக்காரருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 14, புதன்

காசிநாதன் கல்யாணம் முடிந்து வந்து, மாட்டியும் விட்டான். மாட்டிவிட்டு ஓட்டிப்பார்த்தான். திரும்பி வந்தவன் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“பாய், எந்தப் பல்ல எண்ணி வாங்கனீங்க?”

“பெருசத்தான்.”

“பெருசயா?” தலையில் அடித்துக்கொண்டான். “சின்னதுல பல்லு கம்மியா இருந்தாத்தான் பாய் இழுவ. பெருசுல கம்மியானா வண்டி பறக்கும், ஆனா மேடு ஏறாது. சின்ன பாய் சொன்னது சின்னத!”

சின்ன சக்கரத்தை நான் பார்க்கவே இல்லை. அது ஒரு ஓரமாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் எங்கள் பழைய ஆக்சிலில் எட்டு, இதில் பத்து. ஆகக்கூடி இரண்டு பக்கமும் தப்பு.

அதோடு முடியவில்லை. முன் ஆக்சில் பழைய கணக்கில் சுற்றுகிறது, பின் ஆக்சில் புதுக் கணக்கில் சுற்றுகிறது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இழுவை கொடுத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே எல்லாம் நொறுங்கிவிடும் என்கிறான். அதனால் முன் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டான். இனி இது இரண்டு சக்கர வண்டி. ஜீப் மாதிரி வேஷம் போட்ட வேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை.

ஜூலை 16, வெள்ளி

தம்பியிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நான்தாண்ணே தெளிவா சொல்லியிருக்கணும், சின்னதுலன்னு,” என்றான். “பரவால்ல. ஆக்சிலு கெட்டியாத்தான் கீது. உள்ள இருக்கற பல்ல மட்டும் மாத்திட்டா போதும். காசிநாதன் மெட்ராசுலருந்து வரவழைக்கறேன்றான். மழைக்கு முன்னாடி மாத்திடலாம்.”

“மாத்திடலாம்,” என்றேன்.

அவன் கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். தப்பை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டதும் நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது: வண்டி பிரமாதமாக ஓடுகிறது. இன்று நானே பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தூர்பேட்டை போய் வந்தேன். முன்னெல்லாம் இஞ்சின் கதறும், பேசினால் காதில் விழாது. இப்போது சத்தமே இல்லை. பஸ்ஸை முந்திக்கொண்டு போகிறது. டீசலும் கம்மி. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வாடகை இருக்கிறது. வடக்கனந்தல் ராமசாமி கவுண்டர் தன் உர மூட்டைக்கு இனி இந்த வண்டிதான் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தம்பி அதையே மலைக்கு எடுத்துப் போகிறான். பாதி பாரம்தான் ஏற்றுகிறான். தரை காய்ந்திருப்பதால் திணறித் திணறி ஏறிவிடுகிறதாம். “ஏறுதுல்ல?” என்றேன். “ஏறுதுண்ணே. நான் பேசிப் பேசி ஏத்தறேன்,” என்றான்.

செப்டம்பர் 3, வெள்ளி

பல் வந்துவிட்டது, பட்டறையில் வைத்திருக்கிறேன், வண்டியை விடுங்கள் என்று காசிநாதன் ஆள் அனுப்பினான். அடுத்த வாரம் என்றேன். திங்கட்கிழமை எலவனாசூர்கோட்டைக் கல்யாணச் சாமான் ஒப்புக்கொண்டிருக்கிறேன், நடுவில் எப்படி நிறுத்துவது?

செப்டம்பர் 24, வெள்ளி

சாப்பிட்டுக் கை கழுவும்போது தம்பி கேட்டான், “அண்ணே, பல்லு?” அடுத்த வாரம் என்றேன். அஸ்ரப் நிஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 15, வெள்ளி

மழை பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தஸ்தகீர் ஓடை வரைக்கும் போய், ஏற முடியாமல் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு மூட்டை அரிசியைத் தோளில் வைத்து ஈச்சங்காட்டுக்கு நடந்திருக்கிறான். போன வார எடையைச் சொல்லிவிட்டு வந்தானாம். நிறையப் பேருடைய சாமை மூட்டை அங்கேயே தங்கிவிட்டது. கொஞ்சத்தை ஆள் வைத்துத் தலைச்சுமையாக ஓடை வரை கொண்டுவந்து ஏற்றியிருக்கிறான்.

நனைந்தது காய்ச்சலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இன்று ஜும்மாவுக்கு அவன் வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அவன் குடித்தனம்; அங்கே போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அவன் மனைவி அத்தியா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 20, புதன்

காய்ச்சல் விடவில்லை. மலைக்குப் போகவில்லை. “எட சொல்லணும்ண்ணே, அவனுங்க பாத்துக்கினு இருப்பானுங்க,” என்று படுக்கையிலேயே புலம்புகிறான். எங்கே ஓடிவிடப் போகிறார்கள் என்றேன்.

அக்டோபர் 27, புதன்

நேற்று அவன் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வண்டி இல்லை. காலையிலேயே நான் டிரைவர் தங்கதுரையிடம் கொடுத்து உளுந்தூர்பேட்டைக்கு உர மூட்டை எடுக்க அனுப்பிவிட்டேன். இந்த மழையில் எப்படியும் மலை ஏறப்போவதில்லை, சும்மா நிற்பானேன் என்றுதான்.

“என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்,” என்றான்.

“கேட்டா மட்டும் ஏறிடுமா?”

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டான். நான் சொன்னது நியாயம்தானே? ஏறாத வண்டிக்கு என்ன வாதம்? ஏன் ஏறவில்லை என்று யாராவது கேட்டால் — வேண்டாம், தூக்கம் வருகிறது.

நவம்பர் 3, புதன்

நேற்று நானும் கூடப் போனேன். மலைக்கு நான் போய் வருஷக்கணக்கு ஆகிறது. வளைவு ஏறினால் வாந்தி. ஆனாலும் ‘வண்டியை ஒரேயடியாகக் குற்றம் சொல்கிறான், ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் ஏறும்’ என்று எனக்கு ஒரு எண்ணம். மழை ஒருநாள் விட்டிருந்தது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைவு வளைவாகத் தார் ரோடு. அதுவரைக்கும் ராஜா மாதிரி போயிற்று. “பாத்தியா?” என்று கூடக் கேட்டேன். வெள்ளிமலை தாண்டி மண்பாதையில் திரும்பியதும் முக்க ஆரம்பித்தது. ஓடையில் இறங்கி ஏறும்போது பின் சக்கரம் இரண்டும் ஒரே இடத்தில் சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. முன் சக்கரம் இரண்டும் எனக்கென்ன என்று சும்மா நின்றன. வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. என் எலுமிச்சம்பழம் ஓடையில் போய்விட்டது.

தஸ்தகீர் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அணை கொடுத்தான்.

ஈச்சங்காட்டு ஆட்கள் கயிறோடு வந்தார்கள். பாவாடைதான் முன்னால் நின்றார். அறுபது வயது இருக்கும், தம்பியின் முதல் வாடிக்கை. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். எனக்கு உட்காரக் கட்டில் போட்டார்கள், சாமைச் சோறு போட்டார்கள். ‘பெரிய பாயி’ என்று மரியாதைக்குக் குறைவில்லை.

சாப்பிட்டு முடித்து, தம்பி மூன்று வாரம் முன்பு எடுத்த மூட்டைகளின் எடையை ஒவ்வொருவருக்கும் சொன்னான். கேட்டுக்கொண்டார்கள். பிறகு புது மூட்டைகளைத் தூக்கப் போனான். பாவாடை உள்ளே போய் ஒரு தராசை எடுத்துக்கொண்டு வந்தார். புத்தம் புதுசு. தட்டில் கடைக்காரர் ஒட்டின சீட்டுக்கூடக் கிழியவில்லை.

“தப்பா நெனச்சிக்காத சின்ன பாயி. பசங்கதான் சொல்றாங்க. போன வாரம் டிராக்டர் எடுத்துக்கினு ஒரு ஆளு வந்தாரு, நிக்கவெச்சி எட போட்டு அங்கியே குடுத்துட்டுப் போனாரு. எதுக்கு வம்பு, இனிமே போட்டே குடுத்துடலாம்னு...”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதுக்கின்னா, போடு,” என்றான் தம்பி.

தராசை அவனே வாங்கிப் பிடித்தான். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். முள் நேராக நிற்கிறதா என்று சின்னப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி மூட்டை வரைக்கும் அவன் தோள் இறங்கவில்லை, முகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. பதினாலு வருஷம் அவன் வாயால் சொன்ன எடை! அந்த இடத்தில் நான் இருந்தால் தராசைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருப்பேன். அவன் பிடித்தான்.

வரும் வழியில் எனக்கு வாந்தி வந்தபோது நிறுத்தினான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி ஓட்டினான்.

நவம்பர் 4, வியாழன்

என்னாலதான். வேற யாராலயும் இல்ல. பல்லு மாறிப்போனது கைத்தப்பு. மாத்தாம வெச்சிக்கினு இருந்தது? அது இன்னா தப்பு? அதுக்குப் பேரு இன்னா?

நவம்பர் 12, வெள்ளி

ஜும்மா முடிந்து தம்பி வந்தான். சாப்பிட்டான். அப்புறம், “அண்ணே, ஒண்ணு பேசணும்,” என்றான்.

கச்சிராயபாளையத்தில் ஒரு கடையும் பின்னால் ஒரு ரூமும் பார்த்திருக்கிறானாம். அத்தியாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். மலைச் சரக்கை இனி அங்கேயே வாங்கி அவனே விற்றுக்கொள்வான். பாவாடையின் மருமகன் ஒரு பழைய டிராக்டர் வாங்குகிறாராம், அதில் சேர்ந்துகொள்கிறான்.

“தராசு மேல கோவமா?” என்று கேட்டேன்.

“அவனுங்க மேல கோவம் இல்ல. மூணு வாரம் ஆளக் காணம்னா நானா இருந்தாலும் தராசு வாங்குவேன்.”

“நாளைக்கே பல்ல மாத்திடறேன்டா.”

“பல்லுக்கு இல்லண்ணே. அடுத்த வாரம் வர்றேன்னு நான் மேல சொல்லிட்டு வர்றேன். அந்த வார்த்த உன் வாசல்ல நிக்கற வண்டியிலதான் இருக்குது. நீ அனுப்புனா உண்டு, இல்லன்னா இல்ல. அது என் கையில இருக்கணும்ண்ணே.”

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருக்கலாம். கெஞ்சியிருந்தால் விட்டுக் கொடுத்திருக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. நான் ஏதாவது சிரிக்கிற மாதிரி சொல்லிப் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 20, சனி

காசிநாதன் பல்லை மாற்றிவிட்டான். முன் தண்டையும் மாட்டிவிட்டான். நாலு சக்கரமும் இழுக்கிறது. காலையில் விட்டேன், சாயங்காலம் தந்துவிட்டான். மொத்தமே ஒரு பகல் வேலை.

ஒரு பகல். செப்டம்பரிலிருந்து என்னிடம் இல்லாமல் போன ஒரு பகல்.

டிசம்பர் 3, வெள்ளி

பின்கட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். அத்தியா என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் புது ஊர் என்று குதித்தன. சாமானை நம் ஜீப்பில் ஏற்றலாம் என்றேன். மாட்டு வண்டி சொல்லியாகிவிட்டது என்றான்.

டிசம்பர் 17, வெள்ளி

நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். பழக்கத்தில் பெரிய தூக்கையே கொண்டுபோய்விட்டேன். அஸ்ரப் நிஷா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருக்கு இம்மாங் கஞ்சி?” என்றாள். இரண்டு பேரும் குடித்தோம். நிறைய மீந்தது.

ராமசாமி கவுண்டர் வந்திருந்தார். இப்போது வண்டி முன்ன மாதிரி ஓட்டம் இல்லையாமே, சத்தம் போடுகிறதாமே என்றார். ஆமாம், மலை வண்டி அப்படித்தான் என்றேன். அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறாராம். வருத்தமே வரவில்லை.

2000 ஜனவரி 9, ஞாயிறு

பெருநாள். தம்பி அங்கேயே கச்சிராயபாளையத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டான். மலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கடையை விட்டு வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான். பெருநாள் தொழுகைக்கு அவன் இல்லாமல் நான் போனது இதுதான் முதல் தடவை. யார் யாரோ கட்டித் தழுவினார்கள்.

ஜனவரி 10, திங்கள்

பொறுக்க முடியவில்லை. அஸ்ரப் நிஷா பிரியாணியைத் தூக்கில் கட்டிக் கொடுத்தாள். தங்கதுரையை ஓட்டச் சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். வண்டியை உன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீயே வைத்துக்கொள், எங்கே வேண்டுமானாலும் ஓட்டு, என்னைக் கேட்க வேண்டாம். வீட்டுக்கு மட்டும் வந்துவிடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

சின்னக் கடை. சுத்தமாக வைத்திருக்கிறான். மலை ஆட்கள் நாலைந்து பேர் மூட்டையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியதைப் பார்த்துத் தம்பி எழுந்து வெளியே வந்தான்.

“வாங்கண்ணே,” என்றான். “உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

எனக்குப் பின்னால் வேறு யாரோ வந்து நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தங்கதுரை கூட வண்டியில்தான் இருந்தான்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அத்தியா டீ கொண்டுவந்தாள். பிள்ளைகள் பிரியாணியைப் பிரித்துக்கொண்டு ஓடின. அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான், கடை எப்படிப் போகிறது என்று கேட்டான். எல்லாவற்றையும் அக்கறையாகத்தான் கேட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு ‘நீங்க’ இருந்தது. நான் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். யோசித்துக்கொண்டு வந்ததை எல்லாம் சொன்னேன். பாதிதான் சரியாக வந்தது.

அவன் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

“இருக்கட்டுங்கண்ணே. உங்களுக்கு ஆவும். எனக்கு டிராக்டரே போதும்.”

கிளம்பும்போது ரோடு வரைக்கும் வந்தான். பார்த்துப் போங்க என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்ரப் நிஷா வாசலிலேயே நின்று கேட்டாள், “தம்பி நல்லா பேசுனானா?”

“ரொம்ப மரியாதையா பேசுனான்,” என்றேன்.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.